கெடு குறித்து வரும் வைரஸ்கள்: கம்ப்யூட்டரில் எதைப் பார்ப்பது?

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மக்களவையைக் கலைத்தது அன்றுதான். அதே நாள் காலையில் உலகம் முழுக்க ஸ்விட்சைப் போட்ட கம்ப்யூட்டர்கள் பல எழுந்திருக்கவே இல்லை. தென் கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கில் படுத்துக்கொண்டன. துருக்கி, வங்கதேசம், இந்தியா என்று அடி விழுந்த இடங்கள் நீளும். காரணம், தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் எழுதிய, 1 கே.பி. அளவே உள்ள சி.ஐ.எச். என்ற வைரஸ். அணு உலை விபத்து நடந்த தேதியும் ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நாள் குறித்து வெடிக்கும் வைரஸ்கள் சுமார் இருபது ஆண்டுகள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை ஆட்டிவைத்தன. ஒவ்வொரு முறையும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: அந்தத் தேதி வருவதற்குள் என் கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதற்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பத்திரிகைகள் தேதியைப் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் சோதனைக்குத் தேதியால் எந்த உபயோகமும் இருந்ததில்லை. வைரஸ் ஏறிய நாள் ஒன்று, வெடிக்கும் நாள் வேறு. நடுவில் உள்ள மாதங்களில் அது இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். பிடிக்க வேண்டியது அந்த மாதங்களில்.

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டிக் கிடக்கிற இராஜாக்கமங்கலத்திலிருந்து பார்த்தால் இந்தத் தாவல் நன்றாகப் புரியும். இங்கே ஊராட்சி ஒன்றிய அலுவலகம் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல், தொழில்நுட்ப மையம் உண்டு. பள்ளிக்கூடங்கள், ஜெராக்ஸ் கடை, கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ எல்லாம் உண்டு. இந்த மாதிரி ஊர்களுக்கு இன்டர்நெட் ஒழுங்காக வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் என்பது நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் சட்டைப்பையில் வரும் ஃப்ளாப்பி, பிறகு சி.டி.; பிறகு பென்டிரைவ். வைரஸும் அதே பஸ்ஸில்தான் வந்தது. மின்னஞ்சல் வைரஸ்களைப் பற்றி உலகம் அலறிய காலத்திலும் இங்கே கையோடு வந்த வைரஸ்கள்தான் அதிகத் தொல்லை கொடுத்தன என்பது என் கணிப்பு.

தேதி வைரஸ்களில் முதலில் பேர் வாங்கியது ஜெருசலேம். 1987 இறுதியில் அங்குள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால், அன்று இயக்குகிற புரோகிராம்களையெல்லாம் அழிக்கும். முதல் கெடு 1988 மே 13. இதைப் பிடிப்பது எளிதாக இருந்தது. காரணம் எழுதியவரின் பிழை. ஏற்கெனவே தொற்றிய எக்ஸி ஃபைல்களை அடையாளம் தெரியாமல் மறுபடி மறுபடி தொற்றும். ஒவ்வொரு முறையும் ஃபைல் சுமார் 1,800 பைட் பெருகும். டி.ஐ.ஆர். கட்டளை கொடுத்து, போன வாரம் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டால் போதும். அடுத்து வந்த டேட்டாகிரைம் 1989 அக்டோபரில் பெரிய பீதியைக் கிளப்பியது. பீதி அளவுக்குச் சேதம் இல்லை.

நம் நாட்டுச் சரக்கும் இதில் உண்டு. 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸ் ஜனவரி 5ஆம் தேதிக்குக் காத்திருக்கும். அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் திரை உறைந்து நிற்கும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தை டைப் செய்யச் சொல்லும். வாழ்த்தினால் வேலை தொடரும். எதையும் அழிக்காது. இப்படி நல்ல மனதோடு எழுதப்பட்ட வைரஸ் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தொழில்நுட்பத்தில் அன்றைக்கு இருந்தவற்றில் மிகத் தந்திரமானவற்றுள் அதுவும் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரில் உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்தச் செக்டாரைப் படித்துப் பார்த்தால், ஒளித்துவைத்திருக்கிற பழைய, சுத்தமான செக்டாரை எடுத்துக் காட்டும். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி ரீபூட் செய்தாலும் மெமரியை விட்டு இறங்காது.

சோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான அடிப்படை விதியை இந்தியக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஜோஷிதான் கற்றுக்கொடுத்தது என்று சொல்வேன். வைரஸ் மெமரியில் இருக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் சொல்வது எதையும் நம்பக் கூடாது. ஸ்விட்சை அணைத்து, சில நொடி விட்டு, எழுதுதடை போட்ட சுத்தமான டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி என்றால் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது, மூன்றரை அங்குலம் என்றால் மூலையில் உள்ள பொத்தானை நகர்த்துவது: இதுதான் எழுதுதடை. இந்தத் தடை டிரைவின் வன்பொருளிலேயே உள்ளது. எந்த வைரஸாலும் மீற முடியாது. வெறும் ஸ்டிக்கர் அளவுக்கு உறுதியான பாதுகாப்பு பிறகு வந்த பல கருவிகளில் இல்லை.

அதற்குமுன் ஒரு நிமிடச் சோதனை ஒன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஏற்றி, செக்டிஸ்க் கட்டளை கொடுத்தால் மொத்த மெமரி எவ்வளவு என்று காட்டும். 640 கே.பி. கம்ப்யூட்டரில் அது 6,55,360 பைட் இருக்க வேண்டும். 6,49,216 என்று வந்தால் 6 கே.பி. காணவில்லை, ஜோஷி எடுத்துக்கொள்ளும் இடம் அது. 6,53,312 என்று வந்தால் 2 கே.பி. குறைகிறது, மைக்கேலாஞ்சலோவாக இருக்கலாம். சில கம்ப்யூட்டர்களில், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸே 1 கே.பி.யை எடுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், வாங்கின அன்றே எண்ணைக் குறித்துவைப்பவர்களுக்கு மட்டுமே இது உதவியது.

மைக்கேலாஞ்சலோ 1991இல் தலைகாட்டியது. கெடு மார்ச் 6. அந்த ஓவியர் பிறந்த நாள் அதுவே என்று ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர். வைரஸுக்குள் அவரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைக் குப்பையால் நிரப்பிவிடும். 1992 மார்ச்சுக்கு முன்னால் ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள்வரை போய்விடும் என்று அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி சொன்னது உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. கடைசியில் பாதிக்கப்பட்டவை பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை என்றுதான் மதிப்பிட்டார்கள். பீதியால் எல்லோரும் சுத்தம் செய்துகொண்டதால் தப்பினோம் என்று ஒரு கட்சி. ஆன்ட்டிவைரஸ் விற்கக் கிளப்பிய புரளி என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் முன்கூட்டிச் சோதித்தவர்களிடம் மைக்கேலாஞ்சலோவைத் தவிர வேறு வைரஸ்களும் அகப்பட்டன.

இந்தியாவில் அது ஒரு தொழிலையே பிறப்பித்தது. புணேயில் கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் பழுதுபார்ப்பில் தொடங்கிக் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு வைரஸ்தான் நோய் என்று கண்டு, கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சயை மருந்து எழுதச் சொன்னார். சஞ்சய் எழுதிய தொடக்கக் கருவிகளில் ஒன்று மைக்கேலாஞ்சலோவை நீக்குவது. 1995இல் அது குவிக் ஹீல் ஆனது. நம் ஊரில் அது ஏறாத கம்ப்யூட்டர் குறைவு.

மைக்கேலாஞ்சலோவிடமிருந்து பழைய எக்ஸ்.டி. கம்ப்யூட்டர்கள் தப்பிய கதை வேடிக்கையானது. பேட்டரியில் ஓடும் கடிகாரம் அவற்றில் கிடையாது. டாஸ் ஏறும்போது தேதி கேட்கும். யாரும் டைப் செய்ய மாட்டார்கள். என்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள். கம்ப்யூட்டருக்கு என்றைக்குமே 1980 ஜனவரி 1. வைரஸ் தேதியைக் கேட்டது ஏ.டி. வகைக் கம்ப்யூட்டரின் பயாஸ் கடிகாரத்திடம். அது இல்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தும் கெடு வரவே வராது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்த ஒவ்வொரு ஃப்ளாப்பியும் தொற்றோடு போகும். சேதம் இல்லாத கம்ப்யூட்டர் சுத்தமான கம்ப்யூட்டர் என்று நினைத்தவர்கள்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

தேதியை மாற்றிவைக்கிற யோசனையும் அப்போது பரவியது. மார்ச் 5 இரவே கடிகாரத்தை 7க்குத் தள்ளிவிடு, அல்லது 6ஆம் தேதி கம்ப்யூட்டரையே போடாதே. அன்றைக்குக் காப்பாற்றும், உண்மைதான். கடிகாரத்தைத் தள்ளியவர்களுக்குக் கெடு வேறொரு நாளில், யாரும் எச்சரிக்காத நாளில் வரும். அணைத்து வைத்தவர்களுக்கு அடுத்த வருடம் வரும். இதைச் சோதனைக்கு மாற்றாகச் சொன்னவர்கள் பெரிய தீங்கு செய்தார்கள் என்பது என் கருத்து.

சி.ஐ.எச். வந்ததும் பழைய சோதனைகள் எல்லாம் செல்லாக்காசாயின. விண்டோஸ் 95, 98 புரோகிராம் ஃபைல்களுக்குள் இடையிடையே வெற்றிடம் இருக்கும். சி.ஐ.எச். தன்னைத் துண்டு துண்டாக்கி அந்த இடங்களில் சொருகிக்கொள்ளும். ஃபைலின் அளவு ஒரு பைட்கூட மாறாது. அளவை ஒப்பிடுகிற வித்தை செத்தது. அதைவிட மோசம், மெமரியில் சி.ஐ.எச். இருக்கும்போது எந்த எக்ஸி ஃபைலைத் திறந்தாலும் அதைத் தொற்றும். ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் என்பது எல்லா ஃபைலையும் திறந்து பார்க்கிற வேலை. விண்டோஸுக்குள் இருந்தபடி, சி.ஐ.எச்.ஐத் தெரியாத பழைய ஸ்கேனரை ஓட்டினால் ஒரே மணி நேரத்தில் எல்லா எக்ஸி ஃபைலுக்கும் தொற்றிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதை. மறுபடியும் ஜோஷி காலத்து விதியே வந்து நின்றது: சுத்தமான ஃப்ளாப்பி, டாஸ், அதிலிருந்து ஸ்கேன். கருவி கிடைக்காதவர்கள் ஃபைண்ட் வசதியில் சி.ஐ.எச். என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு பதிப்பு எண்ணையும் தேடினார்கள். எழுதியவர் தன் பெயரின் முதலெழுத்துகளை உள்ளே விட்டுவைத்திருந்தார்.

அது கொடுத்த அடி இரண்டு. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்.பி.யைச் சைபரால் நிரப்புவது ஒன்று. மதர்போர்டில் உள்ள ஃப்ளாஷ் பயாஸைக் கெடுப்பது மற்றொன்று, இன்டெல் 430டி.எக்ஸ். சிப்செட் உள்ள போர்டுகளில் இது பலித்தது. அதுவரை வைரஸால் வன்பொருளைக் கெடுக்க முடியாது என்று எல்லோரும் அடித்துச் சொல்லிவந்தோம். சிப்பைக் கழற்றி, வேறு இடத்தில் எழுதி மாட்டினால்தான் உயிர் வரும். அதற்கு வசதியில்லாத ஊர்களில் போர்டையே மாற்றினார்கள். வந்த வழிகளில் கௌரவமானவையும் உண்டு: புத்தம் புதிய ஐ.பி.எம். ஆப்டிவா கம்ப்யூட்டர்கள் சில ஆயிரம் தொற்றோடு கடைக்கு வந்தன, ஐரோப்பாவில் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த சி.டி.களில் இருந்தது. ஒரிஜினல் வாங்கினால் பயமில்லை என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று.

"வைரஸ் ஏறிட்டு அண்ணே, ஃபார்மேட் அடிச்சிரலாம்" என்பது நம் சர்வீஸ் கடைகளில் எல்லா நோய்க்கும் சொல்லப்படும் வைத்தியம். சி.ஐ.எச். விஷயத்தில் அது தேவையில்லாத இழப்பு. ஃபேட் 32 முறையில் ஃபைல் அட்டவணை இரண்டு பிரதியாக இருக்கும். பெரிய டிஸ்க்கில் முதல் பிரதி அழிந்தாலும் இரண்டாவது பெரும்பாலும் 1 எம்.பி. எல்லைக்கு அப்பால் பத்திரமாகக் கிடக்கும். அதை வைத்து முழு டிஸ்க்கையும் மீட்கலாம். ஃபேட் 16 முறையில் இரண்டுமே சின்னவை, இரண்டும் போய்விடும். அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் இதற்கு இலவசக் கருவி எழுதினார். டாக்காவில் மோனிருல் இஸ்லாம் ஷரீஃப் என்ற மாணவர் எழுதிய எம்-ரெக்கவர் அதே சமயத்தில் பல ஆயிரம் மைல் சுற்றியது. கிடைத்திருந்தால் நம் பக்கத்திலும் எத்தனையோ டி.டி.பி. வேலைகளும் கணக்குகளும் திரும்பியிருக்கும்.

பிறகு வந்தவற்றில் சிலவற்றைச் சொல்லிவிட்டுக் கடக்கலாம். கிளெஸின் ஒரு வகை ஒற்றைப்படை மாதங்களில் 6ஆம் தேதி ஃபைல்களைக் கெடுத்தது. 2001இன் சர்காமுக்கு அக்டோபர் 16. அதுவும் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் தேதி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும். அமெரிக்காவை விட்டுவிட்டு நம்மைக் குறிவைத்த மாதிரி இருக்கும் அந்த நிபந்தனை, நிரலில் இருந்த ஒரு பிழையால் ஏறக்குறையப் பலிக்காமலே போயிற்று.

2006 பிப்ரவரி 3ஆம் தேதிக் கெடுதான் இந்தியாவுக்கு நெருக்கமானது. நைக்செம், பிளாக்வார்ம், காமசூத்ரா என்று பல பெயர். ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி, கம்ப்யூட்டர் ஏறி அரை மணி கழித்து, வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், பி.டி.எஃப்., ஜிப் ஃபைல்களை ஒரே வரிப் பிழைச் செய்தியால் மேலெழுதிவிடும். புரோகிராம் போனால் திரும்பப் போடலாம். இது நம் கையால் டைப் செய்தவற்றை அழித்தது. தொற்றிய ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஓர் இணைய எண்ணியைத் தொட்டுவிட்டு வரும்படி எழுதியிருந்ததால் கணக்கு கிடைத்தது: ஆய்வாளர்கள் மதிப்பில் சுமார் 4.7 லட்சத்திலிருந்து 9.5 லட்சம்வரை. அதில் முதலிடம் இந்தியா. ஆன்ட்டிவைரஸை அது முதலில் முடக்கிவிடும். டிரையல் காலம் முடிந்து மாதக்கணக்கில் அப்டேட் இல்லாத ஆன்ட்டிவைரஸ்களுக்கு நடுவே அது நன்றாகப் பெருகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். சோதனை எளிது: கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆன்ட்டிவைரஸ் சின்னத்தைச் சொடுக்கினால் திறக்கிறதா? திறக்காவிட்டால் தேதி எதுவானாலும் வேலை இருக்கிறது.

கடிகாரத்தை நகர்த்தும் தந்திரத்துக்குக் கான்ஃபிக்கர் முற்றுப்புள்ளி வைத்தது. 2009 ஏப்ரல் 1 கெடு. அது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்பவில்லை. கூகுள், யாஹூ மாதிரியான தளங்களைத் தொட்டு அங்கிருந்து தேதியை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினம் 50,000 இணைய முகவரிகளை உண்டாக்கி, அவற்றில் 500ஐத் தட்டிப் பார்த்துக் கட்டளைக்குக் காத்திருக்கும். முட்டாள்கள் தினத்தில் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நடக்கவில்லை. நம் ஊருக்கு அது பென்டிரைவில் வந்தது. ஃபோல்டரைத் திறப்பது போலக் காட்டித் தன்னைத் திறக்க வைத்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு அடைப்பு (பேட்ச்) கொடுத்தது 2008 அக்டோபரிலேயே. ஆனால் திருட்டு விண்டோஸ் வைத்திருந்தவர்கள், காப்பி ஒரிஜினல் இல்லை என்ற எச்சரிக்கை வந்துவிடும் என்று பயந்து அப்டேட்டை அணைத்தே வைத்திருந்தார்கள். இங்கே பார்த்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அப்படித்தான். கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் மற்றதெல்லாம் திறந்தால் உள்ளே கான்ஃபிக்கர்.

அதற்குப்பின் பொதுமக்களின் கம்ப்யூட்டரில் தேதி வைரஸ் அருகிவிட்டது. எழுதுபவர்களுக்குப் பெருமை போதவில்லை, பணம் வேண்டியிருந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்பவனுக்கு நாள் பார்க்கத் தேவையில்லை; ஏறிய நிமிடமே வேலையைத் தொடங்கலாம். 2017 மே 12ஆம் தேதி கிளம்பிய வான்னாக்ரை மூன்றே நாளில் கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஆகிய கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்கள்வரை போய்விட்டது. அதற்கான அடைப்பும் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. தேதி வைக்கும் வழக்கம் குறிவைத்து அடிப்பவர்களிடம் மட்டும் தங்கியிருக்கிறது. சவூதி அரம்கோவில் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை அழித்த ஷமூனுக்கு 2012 ஆகஸ்ட் 15, காலை 11.08 என்று நேரம் குறித்திருந்தார்கள். 2013 மார்ச் 20 பிற்பகல் 2 மணிக்குத் தென் கொரிய வங்கிகளும் டி.வி. நிலையங்களும் சேர்ந்தாற்போல் படுத்தன.

இன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய சோதனை பழைய ஃப்ளாப்பி விதியின் பேரப்பிள்ளைதான். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் உண்டு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். சாதாரண ஸ்கேனை நூறு முறை ஓட்டுவதைவிட மேல். கெடு குறித்த வேலைகள் இருக்கிறதா என்று பார்க்க டாஸ்க் ஷெட்யூலரைத் திறக்கலாம். நீங்கள் நிறுவாத பெயரில், டெம்ப் ஃபோல்டரிலிருந்து எதையாவது இயக்கச் சொல்லும் வரி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. பணம் பறிபோனால் எண் 1930. பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பவர்களுக்குப் பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கடிகாரம் தவறாக ஓடினால் இன்று வேறு தொல்லை. தேதி பின்னால் போனால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றினால் தீரும் விஷயத்தை வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் அடித்ததையும் பார்த்திருக்கிறேன். வைரஸே இல்லாமல் தேதியால் வரும் கோளாறுகளும் உண்டு. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024க்குப் பிறகு சைபருக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படித் திரும்பியது. படகில் உள்ள பழைய கருவி தேதியை ஏறத்தாழ 20 வருடம் பின்னால் காட்டினால் துறைக்காரர்கள் வைரஸைத் தேட வேண்டாம்.

பரணில் துணி மூடிக் கிடக்கிற பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில்தான் அசல் தேதி வைரஸ் இன்னும் இருக்க வாய்ப்பு. சி.ஐ.எச். வயதாகிச் சாவதில்லை. பழைய கணக்கோ, போட்டோவோ, செத்துப்போன அப்பா டைப் செய்துவைத்த குடும்ப வரலாறோ வேண்டும் என்று அதை இறக்குகிறவர்கள் அதை அப்படியே போட வேண்டாம். புது பேட்டரி மாட்டி, இன்றைய தேதியைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த ஏப்ரல் 26ஆம் தேதிவரை ஓட்ட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டி, லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பல வீடுகளில் அதை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். டிஸ்க்கிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் காப்பி எடுங்கள், எக்ஸி ஃபைல் ஒன்றையும் தொடாதீர்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த தமிழ் என்றால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.